கல் வியாபாரி பார்த்த மலை

கிரானைட் பிளாக் வாங்கப் போகிறவர் முதலில் தேடுவது விரிசலை. நிறமும் புள்ளியும் அப்புறம்தான். கல்லின் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓரமாக நிழலில் நிற்போம். வெயிலில் மேற்பரப்பு காய்ந்துவிடும். உள்ளே விரிசல் ஓடியிருந்தால் அந்த இடம் மட்டும் காயாமல், தலைமுடி கனத்தில் ஈரக்கோடாகத் தெரியும். சுத்தியலால் தட்டினால் நல்ல கல் கணீரென்று பேசும், உள்ளே பிளந்தது பொத்தென்று பேசும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குவாரிகளில் இதைச் செய்தே தலை நரைத்தவன் நான். அந்தக் கண்ணோடுதான் நமீபியாவில் ஸ்பிட்ஸ்கோப்பே மலையைப் பார்த்தேன். மலையேறுகிறவர்கள் எழுதுவது போல இதை எழுத எனக்கு வராது.

வேலையாகத்தான் அந்த நாட்டுக்குப் போனேன். கரிபிப் என்ற சிற்றூரைச் சுற்றி மார்பிள் வெட்டுகிறார்கள். பிளாக்குகள் வால்விஸ் பே துறைமுகத்தில் கப்பலேறுகின்றன. ஞாயிற்றுக்கிழமை யார்டு பூட்டியிருக்கும் என்றார்கள். கடற்கரை ஊரான ஸ்வாகோப்முண்டில் அறை எடுத்திருந்தேன். அங்கிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் சுற்றுலா வேன் இருந்தது. காலையில் விடுதி வாசலில் ஏற்றிக்கொண்டு, மதியச் சாப்பாட்டையும் தண்ணீரையும் அவர்களே கொண்டுவந்து, மாலையில் திரும்ப விடுவார்கள். போக ஏறக்குறைய 150 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம்.

ஸ்வாகோப்முண்ட் 1892இல் ஜெர்மானியர்கள் உண்டாக்கிய ஊர். இன்றைக்கும் கட்டடங்களும் பேக்கரிகளும் ஜெர்மன் பாணிதான். நான் போனது ஜூலை, அங்கே குளிர்காலம். பாலைவனம் என்று மெல்லிய சட்டைகளை எடுத்துப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், ஸ்வெட்டர் இல்லாமல் காலையில் வெளியே நிற்க முடியாது. தெற்கிலிருந்து வரும் பெங்குவேலா என்ற குளிர்ந்த கடல் நீரோட்டம் அந்தக் கரையை ஒட்டிப் போகிறது. கடல் காற்று அதன் மேல் வரும்போது குளிர்ந்து மூடுபனியாகிவிடும். மேகமாக உயர்ந்து மழை தராது. ஆண்டு மழை 20 மில்லிமீட்டரைக்கூடத் தொடாத ஊரில் தெருவெல்லாம் நனைந்து கிடப்பது அதனால்தான். நமீப் பாலைவனத்தின் கதையே இந்தக் குளிர்ந்த நீர்தான்.

வேன் உள்நாட்டுப் பக்கம் ஏற ஏற மூடுபனி கிழிந்து வெயில் வந்தது. வழியில் அரண்டிஸ் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊர். அதை அடுத்துள்ள ராசிங் சுரங்கத்தில் 1976 முதல் யுரேனியம் தோண்டுகிறார்கள். அங்கே யுரேனியம் ஒளிந்திருப்பதும் ஒரு வகைக் கிரானைட்டில்தான் என்று ஓட்டுநர் சொன்னார். உடன் வந்த கேப்டவுன் தம்பதிக்கு அது பெரிய செய்தியாகப்படவில்லை. நான்தான் ஜன்னலோரம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தார்ச்சாலை விட்டுச் சரளைச் சாலையில் திரும்பியதும் மலை தெரிந்தது. சுற்றிலும் தட்டையான மண்; அதன் நடுவே முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு கூர்முனை. அடிவாரக் குன்றுகள், சரிவுகள், படிப்படியான ஏற்றம் எதுவும் கிடையாது. கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்குச் சற்று மேல், சமவெளியிலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர். பக்கத்தில் பொண்டோக் என்ற உருண்டைத் தலை மலைகள் வரிசையாக நிற்கின்றன. ஆல்ப்ஸ் மலையின் ஒரு சிகரத்தைச் சொல்லி இதை 'நமீபியாவின் மாட்டர்ஹார்ன்' என்று விளம்பரம் செய்கிறார்கள். எதற்கு அந்த இரவல் பெயர் என்று தெரியவில்லை. மாட்டர்ஹார்னைப் பனிப்பாறைகள் செதுக்கின. இது வேறு வழியில் உருவான மலை.

ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒரே நிலமாக இருந்தன. அது பிளக்கத் தொடங்கியபோது அடியிலிருந்து எரிகுழம்பு ஏறியது. சில இடங்களில் வெளியே கொட்டிப் பரவியது. அந்த எரிமலைப் பாறைகளில் ஒரு பகுதி நமீபியாவின் வடமேற்கிலும் மறுபகுதி பிரேசிலிலும் இன்று கிடக்கிறது, நடுவில் ஒரு சமுத்திரம். சில இடங்களில் குழம்பு வெளியே வராமல், பூமிக்குள்ளேயே தங்கி நிதானமாக ஆறியது. நிதானமாக ஆறினால்தான் படிகங்கள் பெரிதாக வளரும். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிகிற அந்தக் கல்தான் கிரானைட். ஸ்பிட்ஸ்கோப்பே, எரோங்கோ, நாட்டின் மிக உயர்ந்த மலையான பிராண்ட்பெர்க் எல்லாம் இந்த ஒரே குடும்பம். மேலே மூடியிருந்த பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்து போக, உள்ளே ஆறிக் கிடந்தது வெளியே வந்தது.

13 கோடி ஆண்டு என்றதும் கேப்டவுன் அம்மாள் வாயைப் பிளந்தார். எங்கள் பக்கத்துப் பாறைகளின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. அதைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

மலையடிவாரத்தில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். இந்த இடத்தைப் பராமரிப்பது அங்கே வாழும் டமாரா மக்களின் கிராமம். ஓவியங்களைப் பார்க்க வேண்டுமானால் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. எங்களோடு வந்தவர் நடுவயதுப் பெண். அவருடைய தாய்மொழியில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் உண்டு. மலையின் உள்ளூர்ப் பெயரை அவர் சொல்ல, நாங்கள் நால்வரும் முயன்றோம், ஓட்டுநர் மட்டும் தேறினார்.

நடக்கத் தொடங்கியதும் என் கால் முதலில் கவனித்தது பாறையின் தகடுகளை. மலையின் தோல் வளைந்த பெரிய பாளங்களாக, வெங்காயச் சருகு உரிவது போல உரிந்து கிடந்தது. ஒரு பாளத்தைக் கைத்தடியால் தட்டினேன். பொத்தென்றது. அடியில் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். வழிகாட்டி என்னைப் பார்த்து, "அதன் மேல் ஏறாதீர்கள், இந்தப் பக்கம் வாருங்கள்" என்றார். எங்கள் இருவருக்கும் ஒரே பாடம்தான் தெரிந்திருக்கிறது.

பாறை ஏன் இப்படி உரிகிறது? பல கிலோமீட்டர் பாறையின் பாரத்தில் அமுங்கிக் கிடந்த கல் அது. மேலே இருந்த பாரம் போகப் போக அது விரியப் பார்க்கிறது. பக்கவாட்டில் இடமில்லை, மேலே மட்டும்தான் இடம். அதனால் மேற்பரப்புக்கு இணையாக வெடித்துப் பாளமாகக் கிளம்புகிறது. குவாரியில் இதை நாங்கள் தினப்படிப் பார்க்கிறோம். வயரால் பாறையை அறுத்துக்கொண்டிருக்கும்போதே வெட்டு தானாக இறுகி வயரைக் கவ்விக்கொள்ளும். பாறைக்குள் அடங்கியிருந்த அழுத்தம் அப்போதுதான் விடுதலையாகிறது.

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டா என்று நிலவியல்காரர்கள் நெடுநாள் வாதாடினார்கள். 2014 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ட்வெயின் ஹார்ட் என்ற ஊரில் ஒரு கிரானைட் குன்று, கொளுத்தும் கோடையில், பட்டப்பகலில் வெடித்துத் தகடாகக் கிளம்பியது. அதைப் படம் பிடித்தும் விட்டார்கள். அதற்குப் பிறகு வெப்பத்தின் பங்கை மறுப்பது கடினமாகிவிட்டது. ஆனால் டிரில் வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்துக் கல் உடைப்பவர்கள் பாறை மேல் விறகை அடுக்கித் தீ மூட்டி, தீயை மெதுவாக நகர்த்திக்கொண்டே போய், முழுப் பாளத்தையும் கிளப்பினார்கள். அவர்களைக் கேட்டிருந்தால் வாதம் சீக்கிரம் முடிந்திருக்கும்.

இந்த மலை ஏன் இங்கே மட்டும் நிற்கிறது? இதைத்தான் நான் சொல்ல வந்தேன். சுற்றியிருந்த பாறைகள் எல்லாம் விரிசல் நிறைந்தவை, மென்மையானவை. விரிசலில் தண்ணீர் இறங்கும். இறங்கிய தண்ணீர் ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக்கும். களிமண்ணைக் காற்றும் ஓடையும் கொண்டுபோகும். அப்படிக் கரைந்து கரைந்து சமவெளியானது. விரிசல் அபூர்வமாக இருந்த இந்த ஒரு துண்டு மட்டும் தண்ணீருக்கு வழிவிடவில்லை. ஒருமுறை தலைதூக்கிவிட்டால் அதற்கு இன்னொரு லாபம்: மழை விழுந்தால் மொட்டைப் பாறையில் நிற்காமல் சறுக்கி ஓடிவிடும். மேலே பாறை உலர்ந்தே இருக்கும், கெடாது. ஓடிய தண்ணீர் முழுவதும் அடிவாரத்தில் ஊறி, அங்குள்ள பாறையை இன்னும் வேகமாக அரிக்கும். மலை மேலும் செங்குத்தாகும். வியாபாரத்தில் ஒரு பிளாக்கைத் தேர்வு செய்ய நான் வைத்திருக்கும் அதே அளவுகோலை வைத்துத்தான் கோடி ஆண்டுகளாக இங்கே தேர்வு நடந்திருக்கிறது. பாஸானது மலை, ரிஜெக்ட் ஆனது காலடியில் மணல்.

அடிவாரத்தில் ஊறிய அந்தத் தண்ணீரால்தான் பாறையை ஒட்டி மட்டும் மரங்கள். பத்தடி தள்ளிப் போனால் காய்ந்த புல். பாறை இடுக்கில் தடித்த, வெளிறிய அடிமரத்தோடு, இலையெல்லாம் உதிர்த்து ஒரு மரம் நின்றது. பேய்மரம் என்பார்கள் என்று வழிகாட்டி சொல்லி, தாவரப் பெயரையும் சொன்னார்: மோரிங்கா ஓவாலிஃபோலியா. மோரிங்கா என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் முருங்கையின் பங்காளி. உடம்பில் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொண்டு, நமீபியாவிலும் அங்கோலாவிலும் மட்டும் வளர்கிற முருங்கை. எத்தோஷா சரணாலயத்தில் யானைகள் இதை முறித்துத் தின்னும் என்றார் அவர். எங்கள் ஊரில் கீரையைப் பொரியல் செய்வோம், காயைச் சாம்பாரில் போடுவோம், வீட்டுக்கு வீடு கொல்லையில் நிற்கும் என்றேன். யானைத் தீனியைத் தின்கிற ஆள் என்று என்னைப் பற்றி அவர் முடிவு கட்டியிருக்கலாம்.

கொஞ்ச தூரத்தில் ஒரு பாறை முகத்தில் வெள்ளையும் கறுப்புமாக நீண்ட கறைகள். கறையுள்ள கல்லுக்கு விலை குறையும் என்பதால் என் கண் தானாகவே அங்கே போனது. சுண்ணாம்புக் கசிவா, இரும்புத் துருவா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர், "டாசி" என்றார். முயல் அளவில் கொழுகொழுவென்று இருக்கும் பாறை வாழ் பிராணி. யானைக்கு நெருங்கிய உறவு என்றால் நம்ப மாட்டீர்கள், ஆனால் உயிரியல் அப்படித்தான் சொல்கிறது. இவை தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் சிறுநீர் கழிக்கும். அது ஊறி, உலர்ந்து, கெட்டிப்பட்டு அடுக்கு அடுக்காகச் சேரும். நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இந்தப் படிவுகளை வெட்டி எடுத்து, உள்ளே சிக்கிய மகரந்தத்தையும் வேதிப்பொருள்களையும் வைத்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மழை கூடியதையும் குறைந்ததையும் கணக்கிடுகிறார்கள். பாலைவனத்தில் ஏரிச் சேறு கிடைக்காது. கிடைத்ததை வைத்து வரலாறு எழுத வேண்டியதுதான். எந்தக் கறையையும் இனி அமிலம் போட்டுக் கழுவுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்பேன்.

ஓவியங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். உள்ளே போனால் மேலே கவிந்த பாறையின் அடியில், வெயில் படாத சுவரில், செம்பழுப்பில் மனித உருவங்கள், மிருகங்கள், ஒரு காண்டாமிருகம். வேட்டையாடி வாழ்ந்த சான் மக்களின் முன்னோர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வரைந்தவை. இரும்புச் சத்துள்ள செம்மண் கல்லை அரைத்து, விலங்குக் கொழுப்பு, மரப்பால் போன்ற ஏதாவது ஒட்டுப்பொருளில் குழைத்த வண்ணம். பாறை உரிகிற மலையில் ஓவியம் எப்படித் தங்கியது என்பதுதான் எனக்கு வியப்பு. நல்ல சுவரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மழைநீர் வழியாத, மேலே கூரை கவிந்த, உரிந்து முடித்துவிட்ட முகம். கல் தெரிந்தவர்கள்.

ஆனாலும் பாதி மங்கிவிட்டது. "தண்ணீர்" என்றார் வழிகாட்டி. ஈரமானால் நிறம் எடுப்பாகத் தெரியும். அதற்காகப் பார்வையாளர்கள் தண்ணீரைத் தெளித்துப் படம் எடுத்தார்கள். கல்லைப் பார்த்தால் தண்ணீர் ஊற்றுவது என் பழக்கம். இங்கே அதே பழக்கம் வண்ணத்தைக் கரைத்து, உப்பை வெளியே கொண்டுவந்து, சுவரைப் பொருக்காக்கிவிட்டது. பிராண்ட்பெர்க்கில் 'வெள்ளைச் சீமாட்டி' என்று உலகப் புகழ் பெற்ற ஓவியம் இருக்கிறது. அதற்கும் இதே கதிதான். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த பெண் என்று பிரெஞ்சுப் பாதிரியாரும் குகை ஓவிய ஆய்வாளருமான ஆன்ரி ப்ரூய் அந்த உருவத்துக்குக் கதை கட்டினார். இன்றைய ஆய்வாளர்கள் அது உள்ளூர்க்காரர், பெரும்பாலும் ஆண், ஒரு மருத்துவச் சாமியாடியாக இருக்கலாம் என்கிறார்கள். ஆப்பிரிக்காவில் நல்லதாக எதைக் கண்டாலும் வெளியூர்க்காரர் செய்தது என்று சொல்லும் வியாதி அந்தக் காலத்தில் பலருக்கு இருந்தது.

அடுத்து 'புஷ்மன் பாரடைஸ்'. பொண்டோக் மலையின் வழுக்குப் பாறையில் சங்கிலி பதித்திருக்கிறார்கள், அதைப் பிடித்து ஏற வேண்டும். கிரானைட் சொரசொரப்பாக இருப்பதால் ரப்பர் அடி செருப்பு நன்றாகக் கவ்வுகிறது. பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை, காலை பத்து மணிக்குள் ஏறிவிட்டால். மேலே ஒரு புல்வெளிப் பள்ளம், அதைச் சுற்றிப் பாறை. இங்குள்ள ஓவியங்கள் மிகவும் சிதைந்துவிட்டன. ஓவியத்துக்காக மட்டும் ஏறுகிறவர்கள் ஏமாறுவார்கள்.

பாறைக் குழிகளில் மழைக்குப் பிறகு தண்ணீர் தேங்குமாம். நான் போனபோது காய்ந்து, அடியில் ஒரு சிட்டிகைப் புழுதி இருந்தது. அந்தப் புழுதிக்குள் சிற்றிறால் போன்ற உயிரின் முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உலர்ந்தே கிடக்கும். மழை வந்தால் பொரித்து, குழி காய்வதற்குள் வளர்ந்து, முட்டையிட்டு முடித்துவிடும்.

மதியச் சாப்பாடு கல் வளைவு ஒன்றின் பக்கத்தில். படங்களில் எல்லோரும் பார்த்திருக்கும் வளைவு அதுதான். கீழே அரித்துப் போய், மேலே ஒரு பாலம் மட்டும் மிஞ்சியது. படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. சினிமாவுக்கும் இந்த இடம் பழக்கம்தான். ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' 1968இல் வந்தது. அதன் தொடக்கத்தில் மனிதக் குரங்குகள் திரிகிற பாலைவனம் இந்த வட்டாரம்தான். ஆனால் நடிகர்கள் யாரும் இங்கே வரவில்லை. புகைப்படக்காரர்களை மட்டும் அனுப்பிப் படம் எடுத்து வரச் செய்து, இங்கிலாந்து ஸ்டூடியோவில் திரையில் பாய்ச்சி, அதன் முன்னால் நடிக்க வைத்தார்கள்.

உச்சிக்குப் போவது சுற்றுலாக்காரர்கள் வேலை அல்ல. கயிறும் பயிற்சியும் வேண்டும். 1904இல் ஒரு ஜெர்மன் சிப்பாய் தனியாக ஏறி உச்சியில் தீ மூட்டினான், திரும்பி வரவேயில்லை என்று ஒரு கதை சொல்கிறார்கள். ஏறியதாகப் பதிவானது 1946இல்தான். கீழிருந்து கழுத்து வலிக்கப் பார்த்தேன். விரிசல் குறைந்த பாறையில் ஏறுகிறவருக்குப் பிடியும் குறைவு என்பது பார்த்ததுமே புரிந்தது.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். அதற்குப் பிறகு மதிய வெயிலில் பாறை மேல் கை வைக்க முடியாது. தொப்பியும், ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாத தண்ணீரும் வேண்டும். உள்ளூர் வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பேரம் பேசாதீர்கள். தனியாகப் போயிருந்தால் நான் பாறையை மட்டும் பார்த்துவிட்டு, கறைகளைச் சுண்ணாம்பு என்று எழுதியிருப்பேன்.

திரும்பும் வழியில் சாலையோரம் கல் கடைகள். பலகை மேல் புகை நிறக் குவார்ட்ஸ், கறுப்பு டூர்மலின், வெளிறிய நீலத்தில் அக்வாமரின், தண்ணீர் போலத் தெளிந்த டோபாஸ். கிரானைட் குழம்பு ஆறி முடிக்கும் கடைசிக் கட்டத்தில் நீராவியும் வாயுவும் அடைபட்டு உள்ளே பொந்துகள் உண்டாகும். அந்தப் பொந்துச் சுவரில் இடைஞ்சல் இல்லாமல் வளர்ந்த படிகங்கள் இவை. சுத்தியலும் உளியும் வைத்துக்கொண்டு, இந்த மலைகளிலும் எரோங்கோவிலும் நாள்கணக்கில் தங்கி எடுத்து வருகிறார்கள். விற்றுக்கொண்டிருந்த இளைஞர் நான் டோபாஸை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்த விதத்திலேயே தொழில்காரன் என்று கண்டுகொண்டார். உங்கள் ஊர்க் கிரானைட்டில் பொந்து வருமா என்று கேட்டார். எப்போதாவது வரும் என்றேன்.

"வந்தால் என்ன செய்வீர்கள்?"

"பிளாக் ரிஜெக்ட். குவாரி ஓரத்தில் தள்ளிவிடுவோம்."

கையிலிருந்த கல்லைப் பலகையில் வைத்துவிட்டு அவர் கேட்டார்: "அந்தக் குவாரிக்கு எப்படி வர வேண்டும்?"

எங்கள் பக்கத்துப் பொந்தில் டோபாஸ் கிடைக்காது, வெறும் குவார்ட்ஸ்தான் என்று விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அவர் சொன்ன விலைக்கே அந்த டோபாஸை வாங்கிக்கொண்டேன்.